மத்தளம் அடிக்கிறவருக்கும் மருத்துவக் காப்புறுதி வேண்டும்

கலைஞர்களுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரிடம் பேச்செடுத்தாலும், "ஆஸ்பத்திரி சும்மாதானே, அதற்கு ஏன் காப்புறுதி?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கேட்பவர்களில் பிழையில்லை. இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் படுக்கைக்கும் சத்திரசிகிச்சைக்கும் பணம் வாங்குவதில்லை என்பதும், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இல்லாவிட்டால் எங்கள் ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கியிருக்கும் என்பதும் உண்மை. இலவச மருத்துவத்தைக் காப்பாற்றுவது என்னைப் பொறுத்தவரை காப்புறுதியை விடவும் பெரிய காரியம். ஆனால் நோய் ஒரு வீட்டுக்குள் வரும்போது அது கேட்கும் பணம் படுக்கைக்கான பணம் மட்டுமல்ல.

வைத்தியசாலையில் இருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்கிவரச் சொல்வார்கள். 2022 பொருளாதார நெருக்கடியின்போது இது எந்த அளவுக்குப் போனது என்பது நோயாளியோடு துணைக்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். ஸ்கேன் எடுக்க நாள் பிந்தும் என்றால் தனியார் இடத்தில் எடுத்து வருமாறு சொல்லப்படும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து நோயாளியைக் கொண்டுவர ஆட்டோக் கூலி, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க வரும் உறவினரின் பஸ் காசு என்று ஒவ்வொன்றாகச் சேரும். இருதயத்துக்கோ புற்றுநோய்க்கோ கொழும்புக்கு அனுப்பிவிட்டால், முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணமும் அங்கே தங்கும் செலவும் தனிக் கணக்கு. இவை எல்லாவற்றையும் விடப் பெரியது, நோயாளி படுத்திருக்கும் நாட்களில் வராமற்போகும் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு அந்த இழப்பு இல்லை. கலைஞருக்கு அது முழு இழப்பு.

கலைஞர் என்று நான் இங்கே சொல்வது மேடையில் பொன்னாடை போர்த்தப்படுகிறவர்களை மட்டுமல்ல. கூத்துப் பழக்கும் அண்ணாவியார், மத்தளமும் சல்லரியும் பிடிப்பவர்கள், கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு முடியும்வரை உடுக்கை அடிப்பவர், பறைமேளம் அடிப்பவர், தவில், நாதஸ்வரக்காரர், கோயில் கோபுரத்தில் சுதை வேலை செய்பவர், விளம்பரப் பலகை எழுதுபவர், வீட்டு விறாந்தையில் பரதம் பழக்கும் பிள்ளை, அம்பாறைக் கரையோரத்தில் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, சாய்ந்தமருது ஊர்களில் றபான் என்ற தோற்கருவியை அடித்து, பைத் என்ற இஸ்லாமியப் பாடல்களைப் பாடுபவர்கள், கோல்களைத் தட்டி ஆடும் பொல்லடிக் குழுவினர் ஆகிய எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன். இவர்களில் பலர் கலையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. பகலில் மேசன் வேலை, வயல் வேலை, வாவியில் மீன்பிடி. இரவில் கூத்துப் பழக்கம். இரண்டு வேலை செய்கிறவர் என்பதால் இரண்டு பாதுகாப்பு இருக்க வேண்டியவர். ஆனால் அவருக்கு ஒன்றுகூட இல்லை.

கூத்து உடம்பை எவ்வளவு வாங்கும் என்பதை, கூத்தாடும் களரியில் நின்றவர்கள் அறிவார்கள். சட்டங்கொடுத்த, அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பகிர்ந்து கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக் கணக்கில் பழக்கம் நடக்கும். அரங்கேற்ற இரவில், வடமோடி என்ற கூத்து வகையில் அரசனாக வருபவர் கரப்புடுப்பு என்ற பாரமான உடுப்பும் கிரீடமும் அணிந்து, அந்தப் பாரத்தோடு சுழன்று ஆடி, விடியும்வரை நிற்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய கூத்தரில் முழங்கால் நோவு இல்லாத ஒருவரை நான் சந்தித்தது அரிது. மத்தளக்காரருக்குத் தோளும் மணிக்கட்டும் போகும். வருடக் கணக்கில் மேளத்தை அணைத்து நின்றவருக்குக் காது மந்தமாகும். பிற்பாட்டுக்காரருக்கும் அண்ணாவியாருக்கும் தொண்டை கட்டும். சுதை வேலையும் வர்ண வேலையும் செய்கிறவர்கள் சாரத்தில் ஏறி நின்று தின்னரின் மணத்தை முகத்துக்கு நேரே மூச்சாக இழுக்கிறார்கள். தொழிற்சாலையில் ஒருவர் விழுந்தால் 1934 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பேசத் தொடங்கும். களரியில் விழுந்தவருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. ஆகவே அந்தச் சட்டத்துக்கு அவரைத் தெரியாது.

நான் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். மாலையானால் எங்கள் ஊர்க் கூத்துக் குழுவில் பிற்பாட்டுப் பாடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாரியில் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. அதே கிழமையில் எங்கள் மத்தளக்காரருக்கும் வந்தது. இருவரும் ஒரே வைத்தியசாலையில், ஒரே வோட்டில், இடையில் சில கட்டில்களோடு படுத்திருந்தோம். வைத்தியர்களும் தாதியரும் இருவரையும் ஒரே மாதிரித்தான் பார்த்தார்கள். காலையும் மாலையும் இரத்தம் எடுத்தார்கள். குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் அளந்து எழுதினார்கள். அதுவரைக்கும் எங்களுக்குள் வேறுபாடு எதுவும் இல்லை.

வேறுபாடு கட்டிலுக்கு வெளியே இருந்தது. அரச ஊழியன் என்பதால் எனக்கு விடுமுறைச் சம்பளம் வந்தது. என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கப்படும் சிறு தொகையால் இயங்கும் அக்ரஹார காப்புறுதி, அரச வைத்தியசாலையில் படுத்த நாட்களுக்கும் ஒரு கொடுப்பனவைத் தந்தது; நான் செய்ததெல்லாம் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு படிவத்தை நிரப்பி அதிபரின் கையெழுத்தோடு அனுப்பியது மட்டுமே. மத்தளக்காரரோ அப்போது ஒரு வீட்டு வேலையில் நாட்கூலிக்கு நின்றவர். பூச்சு வேலை பாதியில் நின்றால், வேலையைப் பொறுப்பெடுத்த பாஸ் வேறொருவரைப் பிடித்துவிடுவார் என்ற பயம் அவருக்கு. குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும், இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியும் கேளாமல், தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் புறப்பட்டார். நான் மறித்தபோது, "தம்பி, நீங்க படுத்தாலும் உங்கட சம்பளம் நடக்கும். நான் படுத்தா என்ட வீடும் சேர்ந்து படுக்கும்" என்றார். அவருடைய மனைவி மருந்துக்கடைத் துண்டுகளை ஒரு பொலித்தீன் பையில் மடித்து வைத்திருந்தா. யாரிடமாவது காட்டினால் காசு தருவார்களா என்று என்னிடம் கேட்டா. காட்டுவதற்கு யாரும் இருக்கவில்லை.

அந்தப் பொலித்தீன் பையைக் காட்டக்கூடிய ஒரு இடம் வேண்டும் என்பதுதான் நான் இந்தப் பதிவில் சொல்ல வருகின்ற விடயம். அப்படி ஒரு இடம் இல்லாமற் போனதற்குக் காரணம் வறுமை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் நாட்டில் இருக்கும் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவை எல்லாம் ஒரு தொழில் தருநரையும் மாதச் சம்பளத்தையும் நினைத்து வகுக்கப்பட்டவை என்பது விளங்கும். அக்ரஹார அரச ஊழியருக்கு உரியது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு எட்டும் முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டும் செலுத்துகிறார்கள். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் நூற்றுக்கு மூன்று செலுத்த, அதன் உறுப்பினருக்கு இருதய சத்திரசிகிச்சை, கண் வில்லை பொருத்துதல், வைத்தியசாலையில் தங்குதல் போன்றவற்றுக்கு உதவி கிடைக்கிறது. சுயதொழில் செய்வோரும் தாமாகவே பணம் கட்டி நம்பிக்கை நிதியத்தில் சேரலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் எங்கள் கலைஞர்களில் அப்படிச் சேர்ந்த ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

தொழிலின் பெயரைச் சொல்லி மக்களைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளும் எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. விவசாயிகளுக்கு 1987 இலும் மீனவர்களுக்கு 1990 இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. மற்றச் சுயதொழிலாளருக்காக 1996 இல் சமூகப் பாதுகாப்புச் சபை அமைந்தது. விவசாயிக்கும் மீனவருக்கும் முதலாளி இல்லை, மாத வருமானம் இல்லை, ஆனாலும் அவர்களை ஒரு தொழிற் கூட்டமாக அரசு கண்டுகொண்டது. இவை ஓய்வூதியத்துக்கானவை, மருத்துவத்துக்கானவை அல்ல. இருந்தாலும், ஒழுங்கில்லாத வருமானம் உள்ளவர்களைச் சேர்க்க முடியாது என்ற வாதத்துக்கு இவையே பதில்.

கலைஞர் என்ற பெயரில் கிடைப்பவை எவை? அறுபது வயது கடந்த கலைஞர்களுக்குக் கலாபூஷணம் விருதும் அதோடு ஒரு பணப்பரிசும் உண்டு. 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த டவர் மண்டப அரங்க மன்றம் மூத்த நாடகக் கலைஞர்களுக்கு உதவி வருகிறது. அதே ஆண்டில் சட்டமான சனாதிபதி நிதியம், பெரிய சத்திரசிகிச்சைகளுக்கும் புற்றுநோய், சிறுநீரக நோய் போன்றவற்றுக்கும் குறைந்த வருமானமுள்ள எவருக்கும் பணம் தருகிறது. 2025 முதல் அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது என்பது, ஒவ்வொரு கடதாசிக்கும் கொழும்புக்கு அலைந்த எங்கள் மாவட்டத்தாருக்குப் பெரிய ஆறுதல். இவை நல்லவை, தொடர வேண்டியவை. ஆனால் விருது கௌரவம். உதவிப் பணம் கருணை. காப்புறுதி என்பது தான் கட்டிய பணத்தின் பேரில், படிவத்தை நீட்டிக் கேட்டுப் பெறும் உரிமை. நோயாளியாகி, வறியவர் என்று நிரூபித்து, பரிந்துரை பெற்று, காத்திருந்து வாங்குவதற்கும் உரிமையாகக் கேட்பதற்கும் உள்ள தூரம் அதிகம். கலைஞர்கள் மானம் உள்ளவர்கள். அந்தத் தூரத்தை நடக்க விரும்பாமலே பலர் நோயோடு இருந்துவிடுகிறார்கள்.

தனியார் காப்புறுதி எங்கள் ஊர்களுக்கு வராமல் இல்லை. முகவர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் விற்பது ஆயுட் காப்புறுதி. அதோடு வைத்தியசாலைக் கொடுப்பனவு ஒரு மேலதிக நன்மையாக ஒட்டப்பட்டிருக்கும். சேருகிற நாளில் எல்லாம் நன்றாக இருக்கும். ஐப்பசி பிறந்ததும் சிக்கல் தொடங்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கலைக்கு ஒரு பருவம் உண்டு. பெரும்போக அறுவடை முடிந்து கையில் நெல்லும் பணமும் வந்த பிறகே கூத்துகள் அரங்கேறும். வைகாசியில் சடங்குகள், ஆடியிலும் ஆவணியிலும் திருவிழாக்கள். வாடைக்காற்றோடு மாரி தொடங்கிவிட்டால் களரியும் இல்லை, மேடையும் இல்லை, மேசன் வேலைகூடக் குறைவு. அதே மாதங்களில்தான் டெங்கும், வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலும் வருகின்றன. மாதத் தவணையாகக் கட்ட வேண்டிய பணம் கார்த்திகையிலும் மார்கழியிலும் தவறுகிறது. தவணை தவறினால் காப்புறுதி காலாவதியாகிறது. காலாவதியான பிறகு காய்ச்சல் வருகிறது. எங்கள் குழுவில் இப்படிப் பணம் கட்டி இழந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் மறுபடி காப்புறுதி என்று வாயெடுக்க முடிவதில்லை.

இரண்டாவது சிக்கல், ஏற்கெனவே உள்ள நோய். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருக்கிறதா என்று முன்மொழிவுப் படிவம் கேட்கும். இருக்கிறது என்றால் கட்டணம் கூடும், அல்லது அந்த நோய்க்குக் காப்பு இல்லை என்று எழுதப்படும், அல்லது சில காலம் காத்திருக்க வேண்டிவரும். இல்லை என்று மறைத்து எழுதினால், பின்னர் கோரிக்கை வைக்கும்போது அதையே காரணம் காட்டி மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. படிவத்தை முகவரே நிரப்பி, கையெழுத்தை மட்டும் வாங்கும் வழக்கம் இருப்பதாலும், உடன்படிக்கை ஆங்கிலத்தில் இருப்பதாலும், தான் எதில் கையெழுத்து வைத்தோம் என்பது கலைஞருக்குத் தெரிவதில்லை. யார் எதை விற்க வந்தாலும் தமிழில் உள்ள படிவத்தைக் கேளுங்கள். உங்கள் நோயை உள்ளபடி எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்.

இந்தச் சிக்கலை வேறு நாடுகளில் எப்படித் தீர்த்தார்கள் என்று தேடி வாசித்தபோது, என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜேர்மனி. அங்கே கலைஞர் சமூகக் காப்புறுதிச் சட்டம் 1981 இல் நிறைவேறி 1983 இல் நடைமுறைக்கு வந்தது. சம்பளக்காரருக்கு மருத்துவக் காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் பாதியை முதலாளி கட்டுகிறார் என்றால், முதலாளி இல்லாத கலைஞருக்கு அந்தப் பாதியை யார் கட்டுவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பாதியைக் கலைஞர் கட்டுகிறார். மற்றப் பாதியில், மொத்தத் தொகையின் நூற்றுக்கு இருபதை அரசு தருகிறது. நூற்றுக்கு முப்பது, கலையைப் பயன்படுத்துகிறவர்களிடமிருந்து வருகிறது. பதிப்பகம், நாடக அரங்கு, விளம்பர நிறுவனம், இசைநிகழ்ச்சி நடத்துபவர் என்று யாராயினும், கலைஞர்களுக்குக் கொடுத்த ஊதியத்தின்மீது ஒரு வீதத்தைச் செலுத்த வேண்டும். 2024 இலும் 2025 இலும் அந்த வீதம் நூற்றுக்கு ஐந்து. தான் அழைத்த கலைஞர் அந்தக் காப்புறுதியில் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்காமல் எல்லோரும் செலுத்த வேண்டும் என்பதால், காப்புறுதி இல்லாத கலைஞரை மலிவாகப் பிடிக்கலாம் என்ற ஆசைக்கு அங்கே இடமில்லை. தென்கொரியாவில் இளம் திரைக்கதை எழுத்தாளர் ஒருவர் 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வறுமையிலும் நோயிலும் இறந்த பிறகு நாடே கலங்கி, அதே ஆண்டில் கலைஞர் நலச் சட்டத்தை இயற்றியது. 2012 முடிவில் அது நடைமுறைக்கு வந்தபோது, வேலையில் ஏற்படும் விபத்துக்கான காப்புறுதியில் கலைஞர்களும் சேர வழி திறந்தது. 2020 டிசம்பரில் தொழிலிழப்புக் காப்புறுதியும் அவர்களுக்கு வந்தது.

ஜேர்மனியின் பணம் எங்களிடம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களுக்கும் பொருந்தும்: கலைஞரை அழைக்கிறவர் யார்? எங்கள் மாவட்டங்களில் கோயில் பரிபாலன சபைகள், விளையாட்டுக் கழகங்கள், பாடசாலைகள், தொண்டு நிறுவனங்கள், மாகாண, பிரதேச கலாசார விழாக்களை நடத்தும் அரச அலுவலகங்கள், இப்போது கலியாண மண்டபங்களும் விடுதிகளும். ஒரு மேடைக்கு அறுபதாயிரம் ரூபா பேசப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் நூற்றுக்கு ஐந்து மூவாயிரம் ரூபா. ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் மின்விளக்குக்கும் ஆகும் செலவுக்குப் பக்கத்தில் அது பெரிய தொகை அல்ல. இதை ஊதியத்திலிருந்து கழிக்காமல், ஊதியத்துக்கு மேலாக, குழுவின் காப்புறுதிக் கணக்குக்கென்றே தனியாகக் கொடுக்கும் வழக்கத்தை, முதலில் அரச விழாக்களிலாவது தொடங்க வேண்டும். அரசு தொடங்கினால் கோயில்கள் பின்தொடரும்.

தனியாளாகச் சேர்ந்தால் நடக்காதது, குழுவாகச் சேர்ந்தால் நடக்கும். குழுக் காப்புறுதியில் ஒவ்வொருவரையும் தனித்தனியே மருத்துவப் பரிசோதனை செய்யாமல், மொத்தக் குழுவின் வயதையும் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். நலமாக இருக்கும் இளையவர் பலரும் நோயுள்ள மூத்தவர் சிலரும் சேர்ந்திருப்பதால் சுமை பரவுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோய் வந்தவர்கள் மட்டும் சேர்ந்தால் எந்த நிறுவனமும் தாக்குப்பிடிக்காது, கட்டணமும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஆகவே கூத்து மன்றம் என்றால் மன்றம் முழுவதும் சேர வேண்டும். வேஷம் கட்டுகிற இருபது வயதுப் பையனும் சேர வேண்டும். ஒரு மன்றத்தின் எண்ணிக்கை போதாது என்றால், பிரதேசத்தில் பதிவுபெற்ற கலை மன்றங்கள் எல்லாம் பிரதேச கலாசாரப் பேரவையின் கீழ் ஒரே குழுவாக வரலாம். பேரவை ஏற்கெனவே இருக்கிறது. கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார். மன்றங்களின் பதிவும் இருக்கிறது. கட்டணத்தை மாதாமாதம் கேட்காமல், கையில் பணம் புழங்கும் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வாங்கினால், மாரியில் யாருடைய காப்பும் காலாவதியாகாது. காப்பின் உள்ளடக்கமும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அரச வைத்தியசாலையில் படுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாட்கூலி அளவான கொடுப்பனவு, வெளியில் வாங்கிய மருந்துக்கும் எடுத்த பரிசோதனைக்கும் ஒரு வரம்பு வரை மீளளிப்பு, களரியிலோ சாரத்திலோ விழுந்து வேலை செய்ய முடியாமற்போனால் ஒரு தொகை. இந்த மூன்றும் இருந்தால் எங்கள் மத்தளக்காரர் அந்த இரண்டு நாளும் கட்டிலிலேயே இருந்திருப்பார்.

இதைப் பற்றிக் கோயில் சபைக்காரர் சிலரிடம் பேசியபோது எனக்குக் கிடைத்த பதிலை மதித்தே சொல்ல வேண்டும். கூத்தும் சடங்கும் அம்மனுக்குச் செய்யும் நேர்த்தி, அதற்குள் நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கைக் கொண்டுவந்தால் அது வியாபாரமாகிவிடும் என்கிறார்கள். மூத்த அண்ணாவியார்களிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு. பழக்கியதற்கு வெற்றிலை வைத்துக் கொடுப்பதை வாங்குவார்களே தவிர, வாயால் ஒரு தொகை கேட்க மாட்டார்கள். அந்தப் பண்பை நான் வணங்குகிறேன். ஆனால் நேர்த்திக்காக ஆடுகிறவரின் முழங்காலைப் பார்க்கும் பொறுப்பு அந்த நேர்த்தியில் பங்குகொள்ளும் ஊருக்கு இல்லையா? முன்பு அண்ணாவியாருக்கு நோய் என்றால் ஊர் நெல் அளந்து கொடுத்தது, வயலைப் பார்த்துக் கொடுத்தது. அந்த ஏற்பாடு போரிலும் இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் சிதைந்து போனது. அதன் இடத்துக்கு வேறொன்று இன்னும் வரவில்லை. பறைமேளக் கலைஞர்களின் நிலை இதைவிடக் கடினமானது. சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டு, வழமை என்ற பெயரில் மிகக் குறைந்த கூலிக்கோ கூலியே இல்லாமலோ அடிக்க வைக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களிடம் தொண்டு, நேர்த்தி என்று பேச நமக்கு உரிமை இல்லை. எந்தத் திட்டம் வந்தாலும் முதற்பெயராக அவர்களுடைய பெயர் பதியப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் கலைஞர்கள் பலர் வழமையான காப்புறுதி வட்டியோடு கலந்தது என்பதால் அதில் சேர விரும்புவதில்லை. வட்டியைத் தவிர்த்து இஸ்லாமிய முறைப்படி நடத்தப்படும் தகாபுல் காப்பு இலங்கையில் இருக்கிறது. குழுத் திட்டம் வகுக்கும்போதே அந்தத் தெரிவையும் வைக்காவிட்டால் கல்முனைக்குத் தெற்கே பாதிப் பேர் வெளியில் நின்றுவிடுவார்கள். பெண் கலைஞர்களின் பெயரைக் கணவருடைய அட்டையின் கீழ் எழுதாமல், கலைஞர் என்ற அவர்களுடைய சொந்தப் பெயரிலேயே பதிய வேண்டும்.

பதிவு என்று சொல்லும்போது ஒரு சிறிய விடயம். கிராம உத்தியோகத்தர் தரும் சான்றிதழ்களில் எங்கள் கலைஞர்களின் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் 'கூலி' என்றே எழுதப்பட்டிருக்கும். எங்கள் அண்ணாவியாருடைய சான்றிதழைப் பார்த்திருக்கிறேன். நீல மையில் கூலித்தொழில் என்று இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கூத்துப் பழக்கியவர் அவர். அவரைக் கேட்டால் அப்படியே எழுதட்டும், அதுதான் சோறு போடுகிறது என்பார். ஆனால் கலைஞர் என்று ஒரு கடதாசியும் சொல்லாதபோது, கலைஞருக்கென்று வரும் எந்தத் திட்டமும் அவரைத் தேடிக் கண்டுபிடிக்காது. எனவே எங்கள் மன்றத்தில் இப்போது ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். எந்தத் தேதியில், எந்தக் கோயிலில் அல்லது விழாவில், எந்தக் கூத்து, யார் யார் ஆடினார்கள், யார் மத்தளம், என்ன கொடுத்தார்கள் என்று எழுதி, அழைத்தவரின் கையெழுத்தையும் வாங்குகிறோம். நாளைக்கு ஒரு காப்புறுதி நிறுவனமோ திணைக்களமோ இவர்கள் கலைஞர்கள் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் நீட்டுவதற்கு அது இருக்கும். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவர்களும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்து மாணவர்களும் தங்கள் ஆய்வுக்காக எத்தனையோ கலைஞர்களின் வீட்டுப் படலையைத் தட்டுகிறார்கள். பாடலையும் ஆட்டத்தையும் பதிவு செய்யும் அதே வேளையில் கலைஞரின் வயது, நோய், வருமானம், அவரை நம்பி இருப்பவர்கள் என்ற விபரத்தையும் அவருடைய சம்மதத்தோடு திரட்டினால், குழுக் கட்டணம் கணக்கிடத் தேவையான அடிப்படைத் தகவல் எங்கள் கையிலேயே இருக்கும்.

இவ்வளவும் நடந்தாலும் அறுபத்தைந்து, எழுபது வயதைக் கடந்த அண்ணாவியார்களைப் பெரும்பாலான குழுத் திட்டங்கள் ஏற்கமாட்டா. அவர்களிடம்தான் பழைய ஏடுகளும் தாளக்கட்டுகளும் இருக்கின்றன. அவர்களுக்குத்தான் நோயும் அதிகம். அவர்களுக்குக் காப்புறுதி என்ற வழியில் போகாமல், அழைப்பவர்களிடமிருந்து சேரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, மாதாந்த மருந்துக்கும் கிளினிக் போய்வரும் ஆட்டோவுக்குமான நேரடிக் கொடுப்பனவாகத் தருவதே நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன். எங்கள் பிரதேச கலாசாரப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதையும் விழாக்களுக்கான நூற்றுக்கு ஐந்தையும் எழுத்தில் கொடுக்கவிருக்கிறோம். மற்றப் பிரதேசங்களில் உள்ள மன்றங்களும் தங்கள் பேரவைகளில் இதே கோரிக்கையைத் தங்கள் நிலைமைக்கு ஏற்ற விதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தின் மாதிரியும் பதிவேட்டின் மாதிரியும் வேண்டியவர்களுக்கு அனுப்பிவைப்பேன்.